தம்பி கேட்காமலே விட்ட மோட்டார்

எனக்கு எழுபத்தாறு வயதாகிறது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. அந்த ஐந்தில் மூத்தவன் என் தம்பி. அவன் போய் ஒரு வருஷமாகிறது. நினைவு மலருக்கு அக்காதான் எழுத வேண்டும் என்றார்கள். நான் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். 'அவர்' என்று போடலாமே பாட்டி என்கிறாள். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. உறவுகள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தம்பி பிறந்தது ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில். அப்பா அங்கே மருந்து கொடுக்கும் டிரெசர். நோயாளிகளைப் பார்க்க டிவிஷன் டிவிஷனாகக் கறுப்பு மோட்டார் சைக்கிளில் போவார். சாயங்காலம் தம்பியை முன்னால் டேங்க் மேல் உட்கார வைத்து ஒரு சுற்று சுற்றி வருவார். அவனுக்கு ஆறு வயதில் அப்பா தவறிவிட்டார். டிரெசர் வீட்டைக் காலி செய்து தொழிலாளர் லயத்துக்கு வந்தோம். அம்மா ரப்பர் பால்மரம் வெட்டப் போனார். மோட்டாரை ஓட்ட ஆளில்லை. அப்பாவோடு பழகிய லாரி டிரைவர் ஹசானிடம், "நீங்களே வச்சிக்குங்க" என்று அம்மா கொடுத்துவிட்டார். அவர் அதைத் தன் ஊர் பொந்தியானுக்கு ஏற்றிப் போன அன்று தம்பி ரோட்டு முனைவரை லாரி பின்னாலேயே ஓடினான். நான்தான் பிடித்து இழுத்து வந்தேன்.

பிறகு படித்தான், பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலைக்குப் போனான், மாசாயில் வீடு வாங்கினான். என் பிள்ளைகள் கல்யாணத்துக்கெல்லாம் முன்னால் நின்றவன் அவன்தான். யாரிடமும் எதையும் கேட்டு நின்றதில்லை. அதில் எனக்குப் பெருமை. ஆனால் அந்த மோட்டார் ஆசை மட்டும் அவனை விடவில்லை.

ஹசான் காலமான பின் அவர் மகன் ரஹிம் அதைத் துடைத்துப் பத்திரமாக வைத்திருந்தார். வருஷா வருஷம் ஹரிராயாப் பெருநாளுக்குத் தம்பி முறுக்கு டின்னோடு பொந்தியான் போவான். சாப்பிடுவான், மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பான், வந்துவிடுவான்.

"கேட்டியாடா?"

"பெருநாளும் அதுவுமா, விருந்துக்குப் போன வீட்டுல பொருள் கேப்பாங்களாக்கா?"

"அப்ப வேற நாளு போய்க் கேளு."

"சும்மா நாள்ல எதுக்கு வந்தேன்னு சொல்றது?"

இப்படியே முப்பது வருஷம் ஓடியது.

கடைசிப் பெருநாளுக்கு நானும் கூடப் போனேன். அப்போது அவனுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அடுத்த பெருநாள் அவனுக்கு உண்டோ இல்லையோ என்று எனக்குப் பயம். கெத்துப்பாட் தட்டைக் கீழே வைத்துவிட்டு மலாயில் நேராகச் சொன்னேன்: "ரஹிம், அது எங்க அப்பா மோட்டார். என் தம்பிக்கு வேணும்."

தம்பி என் கையைக் கிள்ளினான்.

ரஹிம் தலையில் கை வைத்தார். "அலமாக், அக்கா! எங்கப்பா சாகும்போதே சொன்னாரு, டிரெசர் மகன் கேட்டா அன்னிக்கே குடுத்துடு, நீயா குடுத்தா நமக்கு அது பாரமா இருக்குன்னு நினைச்சுக்குவான்னு. ஒவ்வொரு ராயாவும் இவரு வாயையே பாத்துக்கிட்டு இருக்கேன். இவரு முறுக்கக் குடுத்துட்டுப் போயிடுறாரு!"

தம்பி சிரித்துக்கொண்டே அழுதான்.

அடுத்த வாரமே மோட்டார் மாசாய் வந்தது. தம்பி மனைவி என்னிடம் முறையிட்டாள்: "ஹால்ல அத நிறுத்தியாச்சு அண்ணி, இனி நான் போர்ச்லதான் படுக்கணும்." "தார்ப்பாய் கட்டித் தரேன்" என்றான் தம்பி. அவனுக்கு உதைத்துக் கிளப்ப உடம்பில் பலமில்லை. மகன் கிளப்ப, பின்னால் உட்கார்ந்து கடைத்தெருவரை போய் எல்லாருக்கும் ரொட்டி சானாய் வாங்கி வந்தான். "இனி எனக்கு ஒன்னும் வேணாங்க்கா" என்றான். எட்டு மாதம் அது அவனோடு இருந்தது. நிறைவாகத்தான் போனான்.

டயாலிசிஸ் நிலையத்துத் தாதியர், தூக்கிப் பிடித்த பக்கத்து வீட்டார், பொந்தியானிலிருந்து வந்து கடைசிவரை நின்ற ரஹிம் குடும்பம், எல்லாருக்கும் கை கூப்புகிறேன். தம்பியின் இரண்டு மகன்களுக்கும் ஒன்று சொல்கிறேன். மோட்டார் யாருக்கு வேண்டுமோ, இப்போதே வாய் திறந்து கேளுங்கள்.

போதும் அம்மாடி, பேனாவை வை. முதலிலிருந்து வாசித்துக் காட்டு. தம்பி பேசுகிற இடம் வந்தால் கொஞ்சம் மெதுவாக வாசி.