மகாராணியின் நாற்காலி

பள்ளி நாடகத்தில் கப்பல் கப்பித்தானாக நடிக்கும் மகளுக்கு மீசை ஒட்டப் பசைக்குப்பியைத் திறந்தேன். அந்த வாடை என்னைக் காரோடு கிராமத்து ஞாயிறுபள்ளி ஆண்டுவிழா மேடைக்கே கொண்டுபோய்விட்டது.

அன்று எனக்கு எட்டு வயது. புதுநாடு தேடிக் கடலில் போகிறவனின் இதே நாடகம். நான் மகாராணி, மீசை ஒட்டிய அக்கா கப்பித்தான். நீலத்தாள் ஒட்டிய தகரம்தான் கடல். போதகரின் நாற்காலிதான் சிம்மாசனம். பட்டன் இல்லாத அங்கியை அம்மா என் உடம்போடு சேர்த்தே தைத்துவிட்டு, "கப்பித்தான் திரும்பி வாறது வரை இந்தக் கசேரிய விட்டு அனங்கப்பிடாது, கேட்டியா?" என்றாள்.

அக்கா மண்டியிட்டு, "கடல் கடக்க உத்தரவு தாரும், மகாராணி" என்றாள். வசனம் அதுதான். ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது.

"தந்தோம். போய் வாரும்."

மேடையிறங்கிய அக்கா திரும்பவில்லை. கூட்டம் கூவியது. வியர்வையில் அங்கி ஒட்டியது, ஒன்றுக்கு முட்டியது, நான் நாற்காலியை விட்டு அனங்கவில்லை. அப்பா விடமாட்டேன் என்ற நர்சிங் படிப்புக்காக அவள் மீசையோடே பாறசாலையில் ரயிலேறிவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

"ஒருத்தி போனது போரும்" என்று அப்பா என்னைப் பத்தாம் வகுப்போடு வீட்டில் நிறுத்தினார்.

"உங்க நாடகத்துல ராணி ஆரு மக்களே?" என்று மகளிடம் கேட்டேன்.

"ஒருத்தியும் சம்மதிக்கல்லம்மா. கடைசி வரை இருந்த இடத்திலயே இருக்கணும்லா? ராணி இல்லாம வெறும் கசேரியாக்கும் போட்டிருக்கு."

ரயிலில் போனாலும் விழாத மாதிரி, மீசையை நன்றாக அழுத்தி ஒட்டினேன்.