கிரேனுக்காக வெட்டிய கிளைகள்

தசரதனுக்கு வாயைவிடக் கைதான் அதிகம் பேசும் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். ஜோலார்பேட்டை யார்டில் நிற்கும் நூற்று நாற்பது டன் கிரேனை ஓட்டுகிறவன் நான், பெயர் பெல்வின். தடம் புரண்ட பெட்டிகளைத் தூக்கி மறுபடி தண்டவாளத்தில் வைப்பது எங்கள் வேலை. கீழே நின்று ஏற்று, இறக்கு என்று கையால் சொல்கிறவர் தசரதன். உள்ளங்கையை விரித்து நீட்டினால் நில் என்று அர்த்தம். ஒரு தூக்கலுக்கு ஒரு கைதான் என்பது எங்கள் சட்டம். பெரிய அதிகாரி வந்து தொண்டை கிழியக் கத்தினாலும் நான் தசரதன் கையைத்தான் பார்ப்பேன். பதினாறு வருடமாக அப்படித்தான்.

அவர் ஜவ்வாது மலைக்காரர். புதூர்நாட்டுக்கு மேலே சின்ன ஊர். கீழே குடியிருந்தாலும் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விடுவார். போனால் சும்மா இருக்கமாட்டார். ரயில் எஞ்சின் ஒன்று எங்கள் கொக்கியில் தொங்கும் வீடியோவை ஒருவர் விடாமல் காட்டுவார். அந்த வீடியோவில் கிரேனின் மேல்பாதிதான் தெரியும், சக்கரம் தெரியாது.

“எங்கண்ணன் நெனச்சா மலையையே தூக்கி அந்தாண்ட வெப்பாரு” என்று அவர் தம்பி சடையன் பெருமையடிப்பானாம். “கொக்கி மாட்ட எடம் இருந்தா வெப்பேன்டா” என்பாராம் இவர். இதை என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

போன வருடம் மாசி மாதம், காலை பத்து மணி. யார்டில் ஒத்திகை. ஒன்றுக்கும் ஆகாத பழைய வேகனைத் தூக்கி, அதே இடத்தில் இறக்கி வைத்தோம். இறக்கி முடிக்கவும் தசரதனுக்குப் போன் வந்தது. சடையனின் மனைவி ரேணுகாதேவி. புளி மூட்டை ஏற்றிய டிராக்டர் சரிவில் கவிழ்ந்து, சடையன் இடுப்புவரை அடியில் மாட்டிக்கொண்டான். நினைவு இருக்கிறது, பேசுகிறான். ஊர்க்காரர்கள் தூக்கப் பார்க்கிறார்கள்.

“யாரும் கைய வெக்காதீங்கம்மா! பாதியில நழுவுனா உசுரு போய்டும். நான் வர்றேன். வர்ற வரைக்கும் தொடக் கூடாது” என்றார்.

தொழில் முறைப்படி அதில் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இரண்டு ஜாக்கியும் முட்டுக்கொடுக்க மரக்கட்டைகளும் எடுத்துக்கொண்டு வாடகை ஜீப்பில் கிளம்பினோம். ஆம்புலன்சுக்கும் சொல்லியாயிற்று.

மலை ஏறி முடிந்ததும் சாலையோரம் பச்சைக் கிளைகள் வெட்டிக் கிடந்தன. புளி, பலா, எல்லாமே சாலைக்குமேல் நீட்டிக்கொண்டிருந்தவை. அண்ணாந்து பார்த்தால் மரங்களுக்கு நடுவே வானம் அகலமாகத் தெரிந்தது. “காய்க்கற மரத்த எவன்டா இப்பிடி வெட்டிப் போட்டான்?” என்று தசரதன் எரிந்து விழுந்தார். ஊர் எல்லையில் கத்தியும் கையுமாக நாலு பேர் மரத்தில் இருந்தார்கள். எங்கள் ஜீப்பைப் பார்த்ததும் ஒருவன் மேலிருந்தே கத்தினான்.

“ஓரமா போங்க! பின்னாடி கிரேன் வருது!”

தசரதன் இறங்கினார். அவரை அடையாளம் கண்டதும் அவன் சடசடவென்று இறங்கி வந்து, சாலையின் கடைசிவரை எட்டிப் பார்த்தான். “எங்கண்ணா கிரேனு?”

தசரதன் ஜீப்பின் பின்பக்கம் போனார். ஜாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

சடையனின் உயிர் போய்க் கால்மணி நேரம் ஆகியிருந்தது. டிராக்டரை நாங்கள் தூக்க ஆறு நிமிடம்தான் பிடித்தது.

அந்தக் கிளைகளில் நாலைக் கொடுத்து ஊரே சேர்ந்து நெம்பியிருந்தால் அவன் பிழைத்திருப்பானா? நழுவி அப்போதே செத்தும் இருக்கலாம். யாருக்கும் தெரியாது. தசரதனைத் தின்றது அதுதான். ரேணுகாதேவி அதன்பின் அவரிடம் பேசவில்லை. அவரும் ‘வர்றேன்’ என்ற சொல்லை விட்டுவிட்டார். வேலை முடிந்தால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

ஒரு வருடம் கழித்து, இந்த மாசியில், ரேணுகாதேவி தனியாக யார்டுக்கு வந்தாள். “கிரேனப் பாக்கணும் மாமா” என்றாள் தசரதனிடம். நான் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அவள் கிரேனை ஒருமுறை சுற்றி வந்தாள். குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள், அது உட்கார்ந்திருக்கும் தண்டவாளத்தைப் பார்த்தாள்.

“இது ரோட்டுல வராதா?”

“வராதும்மா” என்றார் தசரதன்.

“அப்போ வர்றேன்னு சொன்னது?”

“நான் வர்றேன்னுதாம்மா சொன்னேன். கிரேன் வரும்னு சொல்லல.”

அவள் நிமிர்ந்து தசரதனைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நானும் பொய் சொன்னேன் மாமா. அவரு, எங்கண்ணன் கிரேன் சத்தம் கேக்குதா, கேக்குதான்னு கேட்டுக்கினே இருந்தாரு. கேக்குது, கிட்ட வந்துருச்சின்னு சொன்னேன். அத்தோட கண்ண மூடிட்டாரு.”

தசரதன் அப்படியே தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வருடமாக வராத அழுகை அப்போது வந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பஸ்ஸுக்கு நேரமாச்சு. வர்றேன் மாமா” என்று நடந்தாள்.

தசரதனின் வலது கை எழுந்தது. உள்ளங்கை விரிந்து நீண்டது. முதுகு காட்டிப் போகிற அவளுக்கு அது தெரியவில்லை, தெரிந்தாலும் புரிந்திருக்காது. அந்தக் கைக்குக் கட்டுப்பட அங்கே என்னைவிட்டால் யாருமில்லை. எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, அவர் கையை இறக்குகிற வரைக்கும் நான் அசையாமல் நின்றேன்.