வாசலோரக் கல்லறை

எங்கள் அம்மச்சி செல்லத்தாய், அம்மாவைப் பெற்றவள், சாவதற்கு மூன்று வருடம் முன்பே தன் கல்லறையைக் கட்டி முடித்துவிட்டாள். அதுவும் வீட்டுக்குப் பின்பக்கம் அல்ல. ரோட்டைப் பார்த்து, கேட்டுக்கு இடதுபுறம். பெயரும் பிறந்த தேதியும் பொறித்து, இறந்த தேதிக்கு மட்டும் இடம் விடச் சொல்லியிருந்தாள். கொத்தனார் தயங்கித் தயங்கிப் பொறித்தார். அவள் பக்கத்தில் நின்று எழுத்துப் பிழை பார்த்தாள்.

கல்லறையின் சிமெண்ட் சிலாப்பில் நல்ல வெயில் விழும். அதன் மேல் நல்லமிளகு காயப்போடுவாள். திருவட்டாறு பஸ்ஸில் போகிறவர்கள் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். அவளுக்கு ஒரு கூச்சமும் கிடையாது.

இருபத்தெட்டு வருடம் அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில் கொட்டை உடைத்த கை அவளுடையது. தோட்டின் எண்ணெய் பட்டு விரல்களெல்லாம் கறுத்து, ரேகைகூட மங்கிப் போயிருந்தது. அந்தக் கையால்தான் இந்த ஏழு செண்ட் நிலத்தை வாங்கினாள், வீடும் வைத்தாள். இரணியலில் என் அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடித்த செய்தி வந்த அன்றே ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு போனாள். கல்யாணத்துக்குக் கொடுத்த கட்டில், பீரோ, ஆட்டுக்கல், அம்மா, இரண்டு வயதான நான், எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்தாள். அப்பா வீட்டார் பேச வாயைத் திறப்பதற்குள் வேன் மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டதாம்.

வீட்டை அம்மா பெயருக்கு எழுதிப் பதிந்தும் கொடுத்தாள். அப்படியும் நிம்மதி இல்லை. நாகர்கோவிலில் இருக்கும் இஸ்ரவேல் மாமா, இதை விற்றுவிட்டு எங்களைத் தன் வீட்டு மாடிக்கு வரச் சொல்லி நாலைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமா கெட்டவர் அல்ல. ஆனால் அண்ணன் வீட்டு மாடியில் தங்கைக்கு என்ன மரியாதை மிஞ்சும் என்று அம்மச்சிக்குத் தெரியும்.

என் அம்மா ஜெபகுமாரி எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. கடைக்காரன் அழுகின தக்காளியைப் போட்டாலும் வாங்கிக்கொண்டு வருவாள்.

"உனக்க அம்மைக்கிட்ட ஆரு தாளை நீட்டினாலும் ஒப்பு போட்டுக் குடுப்பா, மக்கா," என்றாள் அம்மச்சி ஒருநாள். "வாசல்ல நான் கெடந்தா எந்தப் பய வாங்க வருவான்?"

கல்லறையின் காரணம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவளுடைய தைரியத்தை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போதும் பெருமைதான்.

போன ஆனியில், எண்பத்திரண்டாவது வயதில், காப்பி குடித்துவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மாமா வந்து இறங்கியதும் அழுதார். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏற்பாடுகளைச் சொன்னார்.

"சபைக் கல்லறைத் தோட்டத்துல, அப்பா பக்கத்துல குழி வெட்டச் சொல்லியாச்சு."

"அம்மச்சிக்கு இங்கதான் வேணும் மாமா," என்றேன். "தாத்தா பக்கத்துல நாப்பது வருசம் கெடந்தாச்சு, போதும்னு சொன்னாவ."

"நீ சின்னப்பிள்ளை. சும்மா இரிட்டி."

எனக்கு வயது முப்பத்தொன்று. தக்கலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை அதட்டி உட்காரவைக்கிறவள். மாமாவையும் அதட்டியிருப்பேன். அதற்குள் அம்மாவின் குரல் கேட்டது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மச்சியின் கறுத்த விரல்களை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பவில்லை.

"அண்ணே, அம்மையை எங்க வச்சாலும் செரி. இந்த வீட்டை நான் விக்க மாட்டேன். உங்களுக்க மாடிக்கும் வர மாட்டேன். இனி இதைப் பத்தி எங்கிட்ட கேக்கப்பிடாது."

குரல் உயரவேயில்லை.  விற்காத வீட்டின் வாசலில் கல்லறை இருந்தால் என்ன என்று மாமாவுக்கும் பட்டிருக்க வேண்டும். அவர் வெளியே போய், சபைக்குப் போன் போட்டு, "குழி வேண்டாம். அடக்கம் வீட்டுலதான்," என்றார்.

வாழ்நாள் முழுக்க எதிலும் ஏமாறாத அம்மச்சி தன் மகள் விஷயத்தில் மட்டும் தப்பாக நினைத்துவிட்டாள். காவலுக்குக் கல்லறை தேவையே இருக்கவில்லை. காலையிலிருந்து வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. அம்மாவின் இந்த ஒரு பேச்சைக் கேட்க அம்மச்சி ஒரே ஒரு நாள் கூடுதலாக இருந்திருக்கலாம்.