பூவை வெட்டியவள்

உள்ளறையிலிருந்து ‘சடக்’கென்று கத்தரிக்கோல் சத்தம் வந்தது. தங்கை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குப் பகீரென்றது.

“என்னத்தடி வெட்டுறே?”

“பூவைத்தான்.”

தங்கை வெளியே வந்தாள். கையில் ஒரு நீளத் தண்டு, நுனியில் வெள்ளை மொட்டுகள்.

“பாவி! பூக்கப் போற செடியை யாராவது வெட்டுவாங்களா?”

“இது பூத்தா இளைச்சுப் போயிடும்க்கா. சில சமயம் செத்தே போயிடும்.”

“நீ எப்படியோ, உன் செடியும் அப்படி!”

இந்த மாதிரிச் சொல்லை, கல்யாணமாகாத இந்த நாற்பத்திரண்டு வயதுக்குள் தங்கை எத்தனை முறை விழுங்கியிருப்பாள்! ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில், நின்ற கால் நின்றபடி, நீராவியில் முகம் வேகப் பதினெட்டு வருடமாக இஸ்திரி போடுகிறாள். ஒரு நாள், காலி செய்த அறையில் யாரோ விட்டுப்போன சின்னத் தொட்டி குப்பைக்குப் போக இருந்தது. உள்ளே, வாயைத் திறந்த இலைகளோடு பூச்சி தின்னும் செடி ஒன்று. தூக்கி வந்தாள். பசிக்குமே என்று இறைச்சித் துணுக்கு ஊட்டினாள். தாகமெடுக்குமே என்று குழாய்த் தண்ணீரை ஊற்றினாள். இலைகள் கறுத்து அழுகின. மண்ணுக்குப் பதில் வேரைச் சுற்றியிருந்த பாசியின்மேல் வெள்ளையாக உப்பு. இஸ்திரிப் பெட்டியின் துளைகளிலிருந்து வாராவாரம் ஊசியால் சுரண்டி எடுக்கிற அதே உப்பு! அன்று அவள் அழுத அழுகையைச் சாவு வீட்டில்கூட அழுததில்லை.

அடுத்த செடிக்கு, உப்பே இல்லாத காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கினாள். பிழைத்துக்கொண்டது. இன்று அவள் மேசைமேல் மூன்றடிக் கண்ணாடித் தொட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில் பதினோரு செடிகள். கூட வேலை செய்பவர்களுக்கு அவள் பூச்சியம்மா.

“விஷயத்துக்கு வா. உனக்குப் பார்த்த மருந்துக்கடைக்காரர் சம்மதிச்சுட்டார்” என்றாள் அக்கா. “மனைவி போய் மூணு வருஷமாச்சு, தங்கமான மனுஷன். ஒரே நிபந்தனை, அந்தச் சனியன் பிடிச்ச தொட்டி வீட்டுக்குள்ள வரக் கூடாதாம்.”

தங்கை கையிலிருந்த தண்டைப் பார்த்தாள். “எனக்கும் அவரைப் பிடிச்சுதான் இருந்துச்சு.”

“அப்புறம் என்ன? நான் சரின்னுட்டேன். நாளைக்கே ஆளை விட்டுத் தூக்கிடலாம்.”

“யாரைக் கேட்டு சொன்னே?”

அக்கா திகைத்தாள். இந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. தங்கை அவள் மடியிலிருந்த போனை எடுத்து, தானே அழைத்தாள்.

“நான்தாங்க பேசுறேன். சரின்னது அக்கா, நான் இல்லை. செடியோடதான் வருவேன். ஒரு மேசை வைக்கிற இடம்தாங்க கேக்குறேன்…” சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். “சரிங்க. நல்லா இருங்க.”

கண்கள் நிறைந்து வழிந்தன. அவள் துடைக்கவில்லை.

“ஒரு புல்லுக்காக மனுஷனை விட்டுட்டியேடி! நாளைக்கு நீ விழுந்து கிடந்தா அதுவா தூக்கும்?”

“தூக்காது. ஆனா இன்னைக்குச் செடி வேணாம்பார், நாளைக்கு வேலை வேணாம்பார். அடுத்து என்னன்னு பயந்துகிட்டே நான் சோறு திங்கணுமா? படிப்பை விடுன்னே, விட்டேன். நீ சொன்ன எல்லாத்தையும் விட்டேன். இதை விடமாட்டேன்!”

“இனிமே நான் இந்த வாசப்படி மிதிச்சா என்னன்னு கேளு!”

“எப்ப வேணாலும் வாக்கா. மாப்பிள்ளை மட்டும் கொண்டு வராதே.”

சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்தவள்போல் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு விடுவிடுவென்று படியிறங்கினாள். செருப்புச் சத்தம் தெருவில் கரையும்வரை நின்றிருந்த பூச்சியம்மா, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.