ஸ்பானர் படம் போட்ட துளை

கேபிளைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் சர்வர் அறைக்குள் நுழைவாள் பம்பரம். ஒரு கையில் லேப்டாப் இருக்கும், மறு கை கதவைச் சாத்திக்கொண்டிருக்கும், கண் அதற்குள் சர்வர் வரிசையின் கடைசிவரை போய்வந்திருக்கும். என் பக்கத்து மேஜைக்காரி. அந்த மேஜையில் அவளைப் பார்த்தவர்கள்தான் குறைவு. மதியச் சாப்பாட்டையே நடந்துகொண்டு முடிப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது? "எங்க கல்யாண போட்டோ எதுலயும் இவ முகம் தெளிவா விழல" என்று அவள் கணவர் ஒருமுறை என்னிடம் சொன்னார். சொன்னவர் சிரிக்கவில்லை.

சர்வரில் கோளாறு என்றால் மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே நெட்வொர்க் வழியாக உள்ளே போய்ப் பார்ப்பார்கள். நெட்வொர்க்கே படுத்துவிட்டால் கையைப் பிசைவார்கள். பம்பரத்துக்கு அந்தக் கவலை கிடையாது. சர்வரின் முகப்பில், ஸ்பானர் படம் போட்ட சின்னத் துளை ஒன்று இருக்கிறது. அதில் கேபிளைச் செருகி லேப்டாப்பில் இணைத்தால், மயங்கிக் கிடக்கிற இயந்திரமும் தனக்கு என்ன நோவு என்று சொல்லிவிடும். "ஊரச் சுத்திப் போவானேன்? நேரா வாயத் திறக்கச் சொல்லிப் பாத்துட வேண்டியதுதான்" என்பாள்.

அந்தத் துளையில் யாராவது செல்போனைச் சார்ஜ் போட்டிருந்தால் மட்டும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பார்க்க அது சார்ஜர் துளை போலத்தான் இருக்கும். எங்கள் ஆட்களும் கூச்சநாச்சம் இல்லாமல் செருகுவார்கள். "டாக்டரோட ஸ்டெதஸ்கோப்புல துணி காயப்போடுவீங்களா?" என்று மேலாளரே ஒருமுறை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

போன வாரம், எங்கள் அறையில் வைத்திருக்கிற ஒரு மருத்துவமனையின் சர்வர் படுத்துவிட்டது. ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் அதற்குள். அங்கே அறுவை சிகிச்சைக்காக ஒருவரைப் படுக்க வைத்துவிட்டார்கள். முடிவைப் பார்க்காமல் மருத்துவர் தொட மாட்டேன் என்கிறார். பரிசோதனைக்கூடத்துப் பெண் போனை வைக்கவே இல்லை. "என்னங்க ஆச்சு, வந்துருமா வராதா?" என்று என் காதைத் துளைத்தாள்.

பம்பரம் கேபிளைச் செருகிப் படித்தாள். முகம் சுருங்கியது.

"போர்டுல இருக்குற சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சு சார். புதுசா ஏத்தணும். ஏறிட்டிருக்கும்போது கேபிள் நழுவுனா மொத்தமும் போச்சு."

நழுவும் போலத்தான் இருந்தது. சார்ஜ் போட்டுப் போட்டே அந்தத் துளையைத் தளர்த்தி வைத்திருந்தார்கள். கையை எடுத்தால் இணைப்பு அறுந்தது.

"நான் புடிச்சுக்கிறேன்மா. ஒரு இடத்துல நிக்கிற ஆளா நீ?" என்றார் மேலாளர்.

"வேணாம் சார். எந்தச் சாய்வுல நிக்குதுன்னு என் விரலுக்குத்தான் பிடிபட்டிருக்கு."

ஏற்றத் தொடங்கினாள். திரையில் பச்சைக் கோடு நகர்வதாகவே தெரியவில்லை. இவளைப் போய் நம்பி ஓர் உயிரை ஒப்படைத்திருக்கிறோமே என்று நினைத்தேன், அப்படித்தான் நினைத்தேன். சற்று நேரத்தில் அவள் வலது கால் தானாக ஆடத் தொடங்கியது. இடது காலைத் தூக்கி அதன்மேல் வைத்து மிதித்துக்கொண்டாள். மூக்கு நுனியில் வியர்வை இறங்கியது, அந்த ஏ.சி. குளிரிலும். துடைக்கவில்லை. "நல்ல பிள்ளையில்ல... ஏறு, ஏறு" என்று இயந்திரத்திடம் முணுமுணுத்தாள்.

கோடு நிறைந்தது. சர்வர் உறுமிக்கொண்டு எழுந்தது. கொஞ்சம் பொறுத்து, போனில் அந்தப் பெண் "வந்துருச்சு... அவரோட ரிப்போர்ட் வந்துருச்சுங்க" என்று அழுதேவிட்டாள்.

"முடிஞ்சுதும்மா, விடு" என்றார் மேலாளர்.

பம்பரம் விடவில்லை. விரல்கள் மடங்கியபடியே விறைத்துப் போயிருந்தன. இடது கையால் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.