பிரியாணி மாஸ்டருக்கு ஒரு பைப்

டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை புகையிலையை உள்ளங்கையில் கசக்கி, அரிசி வாங்கும்போது முகர்கிற அதே நிதானத்தோடு முகர்ந்து பார்க்கிறார் அக்தர் பாய். சேலையூர் பக்கத்துக் கல்யாணங்களுக்குப் பிரியாணி சமைப்பவர். உப்பைக்கூட நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை. ஆவி மூக்கில் பட்டால் போதும், சொல்லிவிடுவார்.

பைப் பழக்கம் புதிது. மனைவி சாஜிதாவின் தம்பி ஜாபர் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, மற்றவர்களுக்குக் கேமரா வைத்த செல்போனும் இவருக்கு ஒரு பைப்பும் நான்கு டப்பா புகையிலையும் கொண்டுவந்தான். சாஜிதா அன்றே சொல்லிவிட்டார்: "நமக்குச் சோறு போடுறது உங்க மூக்கு. அது கெட்டுச்சுன்னா பைப்பு அடுப்புக்குள்ள போயிடும், பாத்துக்கோங்க."

முதல் நாள் பைப்பைப் பிரியாணி வேகும் தேக்சாவாக நினைத்துக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி நிரப்பினார். கன்னம் வலித்தது, புகை வரவில்லை.

"இன்னா மச்சான், மாவு பூசி மூடி வேற போடுவியா?" என்றான் ஜாபர்.

வெனிலா வாசனை போட்ட டப்பாவை முகர்ந்ததும் மூடிவிட்டார். "இது பாயசம்யா. இத்தப் போயி எவன் கொளுத்துவான்?" செர்ரி வாசனை இருமல் மருந்தை நினைவூட்டியது. மூன்றாவது, விறகுப் புகையில் வாட்டிய கறுத்த இலை. அதில் சொக்கிப்போனார்.

அதைப் புகைத்தபடியே கேம்ப் ரோடு மண்டபம் ஒன்றில், தம் போட்ட தேக்சா அருகே நின்றிருந்தார். திடீரென்று முகம் வெளுத்தது. "அடிபுடிக்குது! நெருப்ப இழுங்கடா!"

தணல் முழுவதையும் ஆட்கள் வெளியே இழுத்துப் போட்டார்கள். பச்சடிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சாஜிதா எழுந்து வந்து தேக்சாவை முகர்ந்தார். பிறகு கணவரை முகர்ந்தார்.

"பிரியாணி நல்லாத்தான் கீது. நீங்கதான் அடிபுடிச்சிட்டீங்க."

தணலை மறுபடி தள்ளித் தம்மை முடிப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்து இலையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சாஜிதா பைப்புக்குக் கை நீட்டினார்.

"மூக்கு எங்க கெட்டுச்சு சாஜி? அது நல்லா வேலை செஞ்சதாலதான இவ்ளோ பேஜாரு!"

சாஜிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ சமையக்கட்டு வாசனையே இல்லாததா பாத்து எடுங்க."

தேறியது நான்காவது டப்பா: மஞ்சள் இலை, காய்ந்த வைக்கோல் வாசனை. "வைக்கல்ல எவனும் பிரியாணி பண்றதில்லயே" என்கிறார் பாய்.

இப்போதெல்லாம் தம் போட்டதும் வெளியே, மண்டபத்து கேட்டுக்கு அப்பால் போய்த்தான் பற்றவைக்கிறார். இரண்டு இழுப்புக்கு மேல் அங்கே கால் தரிப்பதில்லை. பைப் பிடித்த கையை முதுகுக்குப் பின்னால் எட்டின மட்டும் நீட்டிக்கொண்டு உள்ளே ஓடிவந்து, தேக்சாவை நோக்கி மூக்கை மட்டும் முன்னே அனுப்புகிறார்.