பம்பு காற்றை இழுத்த நாள்

கந்தப்பளையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் வீதியோரத்தில், ஆட்கள் தங்கள் வாகனத்தைத் தாங்களே கழுவிக்கொள்ளும் இடமொன்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. டோக்கனைப் போட்டால் பம்பு ஓடும். துப்பாக்கி மாதிரி ஒரு குழாய், கன் என்போம், அதைப் பிடித்து அடித்துக் கழுவிக்கொண்டு போக வேண்டியதுதான். பம்பு அடம்பிடித்தால் மட்டும் எல்லோருக்கும் என் நினைப்பு வரும். பொம்பளைக்கு இதில் என்ன தெரியும் என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார்கள். நான் கண்டுகொள்வதில்லை.

அழுத்தம் குறைந்தால் முதலில் குழாய் முனையைப் பார்க்க வேண்டும். அடைத்திருக்கும், இல்லாவிட்டால் தேய்ந்திருக்கும். அடுத்தது தண்ணீர் உள்ளே வருகிற வடிகட்டி. அதுவும் சுத்தமென்றால் பம்பு எங்கோ காற்றை இழுக்கிறது. வால்வு, சீல் எல்லாம் அதற்குப் பிறகுதான். எடுத்த எடுப்பில் பம்பைக் கழற்றுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வாரம் முழுக்க மழை விடவேயில்லை. சேறு அப்பிய வேனோடு வந்த டிரைவர் ஒருவர், "அக்கா, தண்ணி விட்டு விட்டு வருது" என்று கத்தினார். முனையைக் கழற்றி ஊதினேன், அடைப்பில்லை. வடிகட்டியைத் திறந்தால் உள்ளே செம்மண். கழுவிப் பூட்டினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே மண். மூன்றாம் முறை மண்கூட வரவில்லை. பம்பு கூழாங்கல்லை விழுங்கியது போலக் கடகடத்தது. தண்ணீரில்லாமல் காற்றை இழுத்தால் அப்படித்தான் சத்தம் வரும்.

ஏணி வைத்துத் தொட்டியில் ஏறிப் பார்த்தேன். அடியில் சேறு மட்டும் கிடந்தது. மேலே மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் ஹோஸ் வெறுமனே புஸ் புஸ் என்றது.

"இவ்வளவு மழையில தண்ணி இல்லன்னா சிரிப்பா இருக்குங்க" என்றார் டிரைவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் தொட்டிக்கும், மேலே லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கும் ஒரே ஊற்றுதான். கொட்டுகிற மழையில் ஊற்று கலங்கி, பிறகு நின்றுபோனால், மண்ணுக்குள்ளே எங்கோ வாய் திறந்துவிட்டது, மலை சரியப்போகிறது என்று அர்த்தம். நான் பிறந்தது தோட்டத் தொழிலாளர்களின் அந்த லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில். என் அக்கா இன்னும் அங்கேதான் இருந்தாள்.

வேனை அப்படியே விட்டுவிட்டு ஹோஸைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். ஊற்றுக்கு மேலே தேயிலை நிரைக்குக் குறுக்கே நிலம் பிளந்திருந்தது. என் கால் முழுசாக உள்ளே போகும் அகலம். செடிகள் எல்லாம் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்து நின்றன. தொண்டை கிழியக் கத்திக்கொண்டு லயத்துக்கு ஓடினேன். பிள்ளைகளையும் வயசானவர்களையும் கிளப்பி, எதிர்க் குன்றிலிருந்த கோயிலுக்கு அனுப்பினோம். பக்கத்து மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்களையும் கணக்குப்பிள்ளை விரட்டி அழைத்து வந்தார். அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். கேள்வி கேட்காமல் நம்பினார்.

அக்காவும் வந்தாள், தலையில் கயிறும் முதுகில் கொழுந்துச் சாக்குமாக. கோயில் பாதையில் பாதி தூரம் என்னோடு நடந்தவள் சட்டென்று நின்றாள்.

"நீ போடி. நான் மடுவத்துல கொழுந்தப் போட்டுட்டு வந்துர்றேன்."

மடுவம் என்பது கொழுந்து நிறுக்கிற கொட்டகை. பிளவுக்கு நேர் கீழே, லயத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஒனக்கு என்னா பைத்தியமா? சாக்க இங்கனயே வீசு!"

"ஒரு நா பூரா மழையில நனைஞ்சு எடுத்தது. நிறுக்காம போனா அரைப்பேருதான் போடுவாங்க."

ஒரு நாள் வேலையை நாங்கள் ஒரு பேர் என்போம். கொழுந்து குறைந்தால் பாதி.

"அரைப்பேரோட உசுரோட இருந்துட்டுப் போ" என்று சாக்கைப் பிடித்து இழுத்தேன். என் இடுப்பில் அக்காவின் பக்கத்து வீட்டுக் குழந்தை, ஒரு கைதான் சும்மா இருந்தது. அவள் சிரித்துக்கொண்டே திமிறினாள். "இந்தா, ஒரு எட்டு" என்று இறங்கி ஓடினாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. சொல்லவே தேவையில்லை. பிடுங்கிய கொழுந்தை நிறுக்காமல் விடக்கூடாது என்பது எங்கள் ரத்தத்தில் ஊறிப்போனது. அந்த ரத்தத்தின் மேலேயே எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. லொறியிலிருந்து மணல் கொட்டுகிற மாதிரிதான். திரும்பிப் பார்த்தபோது மடுவமும் இல்லை, லயத்தில் பாதியும் இல்லை. கோயிலில் ஆட்களை எண்ணினார்கள். அக்கா ஒருத்திதான் குறைந்தாள்.

மறுநாள் மதியம் தோண்டி எடுத்து, மலையில் கிடத்த இடமில்லாமல், கீழே வீதிக்குத் தூக்கி வந்தார்கள். எங்கள் ஆட்களில் யார் செத்தாலும் பீலியிலிருந்து தண்ணீர் எடுத்து வந்துதான் குளிப்பாட்டுவோம். பீலி மண்ணுக்குள்ளே போய்விட்டது. சுற்றுவட்டாரத்தில் தெளிந்த தண்ணீர் இருந்தது எங்கள் இடத்தில் மட்டும்தான், கூரையிலிருந்து வழிந்து பீப்பாய்களில் நிறைந்த மழைத்தண்ணீர். வேன்கள் நிற்கிற சிமெந்துத் தரையில் அவளைக் கிடத்தினோம். முகம் எது, துணி எது என்று தெரியாத அளவுக்கு மண்.

தூக்கி வந்தவர்களில் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "பீப்பா தண்ணிய பம்புக்கு விட்டு, கன்ன லேசா தொறந்தா எல்லாம் போயிருங்க."

"அவ என்னா லொறியா?" என்று கத்தினேன். "அதுல கைய வச்சா நடக்குறதே வேற!"

அவர் தலையைக் குனிந்துகொண்டு தள்ளிப்போனார். லயத்துப் பெண்கள் சேலையைப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். நான் வாளியில் மொண்டு மொண்டு ஊற்றிக் கையால் தேய்த்தேன். முகம் வந்தது. கொழுந்துக் கறை படிந்த விரல்கள் வந்தன. தலைமுடியிலிருந்து மட்டும் செம்மண் வந்துகொண்டே இருந்தது. சிக்கெடுத்து, விரல் விட்டு அலசி, மறுபடியும் ஊற்றினேன். பீப்பாய்கள் காலியாகிவிட்டன. தலையில் மண்ணோடுதான் அவளைப் புதைத்தோம்.